சாம்பல் நிறக் குழாய்: ரொறன்ரோ தமிழ் வீட்டு முகவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பான வீட்டு முகவர்களுக்கு,

ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ், பிறம்டன் என்று எங்கள் சனம் வாங்கும் வீடுகளில் பல எண்பதுகளிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் கட்டியவை. காணி பெரிது, அறைகள் பெரிது, பள்ளிக்கூடமும் பக்கத்தில் என்றுதான் விரும்பி வாங்குகிறோம். அப்படியான வீடுகள் சிலவற்றின் சுவர்களுக்குள் ‘பொலி-பி’ என்ற சாம்பல் நிற பிளாஸ்ரிக் தண்ணீர்க் குழாய் ஓடுகிறது. வீடு காட்டும்போது அதையும் எங்களுக்குக் காட்டுங்கள். இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

1978 தொடக்கம் 1995 வரை வட அமெரிக்கா எங்கும் இந்தப் பொலிபியூட்டிலீன் குழாயைப் பூட்டினார்கள். செம்பை விட மலிவு, நன்றாக வளையும், வேலையும் கெதியாக முடியும். குறை பிறகுதான் தெரிந்தது. கிருமி கொல்ல நகரசபை தண்ணீரில் சேர்க்கும் குளோரின், குழாயின் உட்பக்கத்தை வருடக்கணக்காக அரித்து நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்குகிறது. சுடுதண்ணீர் ஓடும் குழாயில் அது இன்னும் வேகம். அந்தக் காலத்தில் பூட்டிய அசெற்றல் பிளாஸ்ரிக் இணைப்புகளும் உடைந்தன. அமெரிக்காவில் ஷெல் உள்ளிட்ட நிறுவனங்கள் மீதான கூட்டு வழக்கு 1995 இல் 95 கோடி டொலர் இணக்கத்தில் முடிந்தது. கனடாவில் 2005 இல் தேசியக் குழாய் வேலை விதித்தொகுப்பிலிருந்தே பொலி-பியை நீக்கினார்கள். இழப்பீடு கேட்கும் காலமெல்லாம் எப்போதோ கடந்துவிட்டது. இன்று அந்த வீட்டை வாங்குகிறவர் முழுச் செலவையும் தானே சுமக்க வேண்டும்.

என் தங்கச்சி குடும்பம் 2022 தொடக்கத்தில் வீடு வாங்கியது. அந்த நாட்களில் போட்டி எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். ‘கொண்டிஷன் போட்டால் வீடு கிடைக்காது’ என்று அவர்களின் முகவர் சொன்னார். இன்ஸ்பெக்சன் இல்லாமலே கையெழுத்து வைத்தார்கள். வீடு கைக்கு வரும் குளோசிங் நாளுக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது காப்புறுதிக்குப் பேசினால், முதல் கேள்விகளில் ஒன்று: தண்ணீர்க் குழாய் என்ன வகை? பேஸ்மென்ற்றில் சுடுதண்ணீர்த் தாங்கிக்கு மேலே போகும் குழாயைப் படம் எடுத்து அனுப்பினாள். சாம்பல் நிறம், அதில் ‘பிபி 2110’ என்ற எழுத்து. ஒரு நிறுவனம் நேரே மறுத்துவிட்டது. இன்னொன்று, தண்ணீர்ச் சேதத்துக்கு மிகப் பெரிய தொகையை நீங்களே முதலில் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு எடுத்தது. காப்புறுதி இல்லாமல் வங்கி அடமானக் கடன் தராது. பின்வாங்கினால் வைப்புப் பணம் போய்விடும். அந்தக் கிழமை அவர்கள் வீட்டில் யாரும் ஒழுங்காகச் சாப்பிடவும் இல்லை, நித்திரை கொள்ளவும் இல்லை.

குழாய் மாற்றிய நாளில் நானும் அங்கே நின்றேன். பிளம்பர் சுடுதண்ணீர்க் குழாயில் ஒரு துண்டை வெட்டித் தந்தார். வெளிப்பக்கம் வழுவழுப்பு, ஒரு கீறல் இல்லை. நீளவாக்கில் பிளந்து வளைத்துக் காட்டினார். உட்பக்கம் வற்றிய குளத்து மண் மாதிரிக் கோடு கோடாக வெடித்திருந்தது. வெளியே பார்த்து ‘நல்லாத்தானே இருக்கு’ என்று சொல்வதில் அர்த்தமில்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. எத்தனையோ பொலி-பி வீடுகளில் இன்னும் ஒரு சொட்டும் ஒழுகவில்லை, அதுவும் உண்மைதான். ஆனால் எந்த நாள் ஒழுகும் என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது.

மாற்றுவது செய்யக்கூடிய வேலைதான். இப்போது பெரும்பாலும் பெக்ஸ் என்ற வேறு வகை பிளாஸ்ரிக் குழாய் போடுகிறார்கள். ஆனால் சுவரிலும் கூரையிலும் ஓட்டை போடாமல் முடியாது. குளியலறைச் சுவர், சமையலறைக் கூரை, படியின் அடிப்பக்கம் என்று பல இடங்களில் திறக்க வேண்டி வரும். பிளம்பர் சொல்லும் விலையில் ட்ரைவோல் ஒட்டுவதும் பெயின்ற் அடிப்பதும் சேர்ந்திருக்கிறதா என்று கேட்காவிட்டால் பிறகு இன்னொரு பில் வரும். இந்தத் தொகையை ஓஃபர் போடும் முன் அறிந்தால் விலையில் பேசலாம். கையெழுத்துக்குப் பிறகு அறிந்தால் கடன் வாங்கத்தான் வேண்டும்.

‘குழாய் எல்லாம் மாற்றியாச்சு’ என்று விற்கிறவர் சொன்னால், தயவுசெய்து அங்கேயே நிற்காதீர்கள். பேஸ்மென்ற்றில் கண்ணுக்குத் தெரியும் பகுதியை மட்டும் மாற்றிவிட்டு, மேல்மாடிச் சுவருக்குள் பழையதை அப்படியே விட்டிருக்கலாம். எந்தெந்தப் பகுதி மாற்றியது என்று எழுதிய பிளம்பரின் பில்லைக் கேளுங்கள். சமையலறை சிங்கின் கீழே செம்பு தெரிந்தாலும் நம்ப வேண்டாம். தாங்கிக்குப் பக்கத்திலும் தண்ணீர் மீற்றருக்குப் பக்கத்திலும் குழாயில் உள்ள எழுத்தை வாசியுங்கள். கொண்டோ விற்கிறவர்கள் ‘கைற்றெக்’ என்ற, பிரச்சினை உள்ள இன்னொரு வகைக் குழாயையும் பாருங்கள். செம்மஞ்சளும் நீலமுமாக இருக்கும். அதற்கான இழப்பீட்டு விண்ணப்பமும் 2020 ஜனவரியோடு முடிந்துவிட்டது.

இதெல்லாம் இன்ஸ்பெக்ரரின் வேலை என்று சிலர் சொல்வீர்கள். சரி, ஆனால் இன்ஸ்பெக்சன் வேண்டாம் என்று சொல்வதும் உங்களில் சிலர்தான். ஒன்ராறியோவில் முகவருக்கான விதிகளும், வாங்குகிறவரைப் பாதிக்கும் முக்கிய விடயங்களை நியாயமான முயற்சி எடுத்து அறிந்து, நேரத்தோடு சொல்ல வேண்டும் என்கின்றன. இங்கிலிஸ் ஓடாத அம்மா அப்பா, புதிதாக வந்த சோடி, இவர்கள் ஒரு தமிழ் முகவரைத் தேடி வருவது இப்படியான விடயத்தைத் தங்கள் மொழியில் கேட்டு விளங்கிக்கொள்ளத்தானே. கிரனைற், பொட் லைற் எல்லாம் அவர்களுக்கே கண்ணில் படும். நீங்கள் பேஸ்மென்ற்றுக்குக் கூட்டிக்கொண்டு போய் அந்தக் குழாயைத் தொட்டுக் காட்டுங்கள். ஐந்து நிமிடம் போதும்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. உங்கள் படம் போட்ட கலண்டர் ஒவ்வொரு வருடமும் பழைய வாடிக்கையாளர் வீடுகளுக்குப் போகிறது. அந்தப் பட்டியலில் 1978 க்கும் 1995 க்கும் இடையில் கட்டிய வீடு வாங்கியவர்களைத் தேடி எடுத்து, இந்த மாதமே அழைத்து, தாங்கிக்கு மேலே போகும் குழாய் என்ன நிறம், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
ஏஜாக்ஸில் வசிக்கும் ஒரு தமிழ்ப் பெண்