நோட்டரி ஸ்டாம்ப்பில் தேதி எங்கே?

சென்னையில் நோட்டரி பார்க்கும் வக்கீல்களுக்கும், நோட்டரியாக அடுத்து மனுப் போடக் காத்திருக்கும் ஜூனியர்களுக்கும்,

வணக்கம். உங்களில் ஒருத்தியாகத்தான் எழுதுகிறேன். சமீபத்தில் ஓர் அம்மா, எங்கேயோ திருப்பி அனுப்பிவிட்ட அஃபிடவிட் (உறுதிமொழிப் பத்திரம்) ஒன்றை என் மேஜைமேல் வைத்தார். பெயர் திருத்தத்துக்காக எழுதியது. கையெழுத்து இருக்கிறது, வட்ட முத்திரையும் இருக்கிறது. ரப்பர் ஸ்டாம்ப் பதிந்த இடத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தேன். பெயர், பதிவு எண், அதற்குக் கீழே ஒரு வரி மட்டும் தேய்ந்த கறை. ஆவணங்களுக்குச் சான்றொப்பம் போட அரசு நோட்டரிக்குக் கொடுக்கும் சான்றிதழ் முடியும் தேதி இருந்த வரி அது. தேதி முடிந்தது தெரியக்கூடாதென்று போலும், ஸ்டாம்ப்பிலிருந்து அந்த வரியை யாரோ பிளேடால் செதுக்கி எடுத்திருக்கிறார்கள். காசு கொடுத்துக் கையெழுத்து வாங்கியவருக்கு இது எப்படித் தெரியும்?

1952ஆம் ஆண்டு நோட்டரி சட்டப்படி நம் சான்றிதழுக்கு ஆயுள் 5 வருடம். அப்புறம் ஒவ்வொரு முறையும் 5 வருடத்துக்குப் புதுப்பிக்கலாம். கையில் நடப்புச் சான்றிதழ் இல்லாமல் நோட்டரி வேலை பார்க்கக்கூடாது என்று 9ஆம் பிரிவு சொல்கிறது. ரெனிவல் மனுவை, தேதி முடிய 6 மாதம் இருக்கும்போதே கொடுத்துவிட வேண்டும் என்பது விதி. நம்மில் பலர் கடைசி மாதத்தில்தான் பைலைத் தேடுகிறோம். அரசு வேலைக்கு நேரம் பிடிக்கும் என்றுதானே அந்த 6 மாதத்தை வைத்திருக்கிறார்கள்?

விதிகள் கேட்பது 5 செ.மீ. விட்டமுள்ள வட்ட முத்திரை. அதில் பெயரும், பணி எல்லையும், ‘NOTARY’ என்ற சொல்லும், எந்த அரசு நியமித்தது என்பதும் இருந்தால் போதும். ‘சட்டம் கேட்காத தேதியை நாம் எதற்குப் போட வேண்டும்?’ என்று சீனியர் ஒருவர் கேட்டார். சரி, சட்டம் கேட்கவில்லை. ஆனால் பாரிமுனையில் வெயிலில் நின்று கையெழுத்து வாங்கிப் போகிறவர் நம் சான்றிதழைக் காட்டச் சொல்லியா கேட்கப் போகிறார்? அவர் கையில் இருப்பது அந்தத் தாள் மட்டும்தான்.

ஜூனியர்களே, வக்கீல் தொழிலில் 10 வருடம் முடிந்திருந்தால் மனுப் போடலாம். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கும் 7 வருடம் போதும். மாநில அரசும் நியமிக்கும், மத்திய அரசும் நியமிக்கும். மத்திய அரசு 2024இல் இதற்கென்று இணையதளமே திறந்துவிட்டது. சான்றிதழ் வந்ததும் முதல் வேலையாக, அது முடியும் தேதிக்கு 6 மாதம் முந்தைய நாளை டைரியில் குறித்துவையுங்கள். ஆள் நேரில் வராமல் கையெழுத்துப் போடாதீர்கள், ரிஜிஸ்டரில் எழுதாமல் தாளைக் கொடுக்காதீர்கள் என்பதையெல்லாம் உங்கள் சீனியரே சொல்லியிருப்பார்.

நான் கேட்பது இவ்வளவுதான். அடுத்த ரப்பர் ஸ்டாம்ப் செய்யக் கொடுக்கும்போது, சான்றிதழ் முடியும் தேதியையும் ஒரு வரியாகச் சேர்த்துக் கொடுங்கள். ரெனிவல் கைக்கு வரவில்லையென்றால் மேஜையை மூடிவிட்டு, வந்தவரைப் பக்கத்து நோட்டரியிடம் அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
சென்னை நோட்டரி ஒருத்தி