கழுத்தோடு நின்ற முடிக்கு ஒரு சடைநாகம்

எல்லாருக்கும் வணக்கம். கல்யாணம் முடிந்து மூன்று வாரம் ஆகிறது. மேடையில் நின்று சிரித்துச் சிரித்தே வாய் வலித்துப்போனதில், யாரிடமும் ஒழுங்காக நன்றி சொல்லவில்லை. அதனால்தான் இந்த மடல்.

மணப்பெண் தலையில் வைக்கும் நகைகள், அதாவது ஆச்சியின் தலைசாமான் கதை உங்களில் பாதிப்பேருக்கு அரைகுறையாகத்தான் தெரியும். தலையின் இரண்டு பக்கமும் குத்தும் சூரியப்பிரபை, சந்திரப்பிரபை, நெற்றிச்சுட்டி, பின்னந்தலைக்கு ராக்கொடி, பின்னல் நெடுகத் தொங்கும் சடைநாகம் எல்லாமே நாகர்கோவில் வடசேரியில் செய்த கெம்புக்கல் வேலை, சிவப்புக் கல் பதித்தவை. ஆச்சிக்கு இடுப்பைத் தாண்டிய முடி. எனக்குக் கழுத்தோடு சரி. சவுரி வைக்க மாட்டேன் என்று வேறு பிடிவாதம் பிடித்தேன். பிறகு இரண்டரைச் சாண் சடைநாகத்தை எங்கே தொங்கவிடுவது?

முதலில் போன நகைக்கடையில் அதைத் தராசில் தூக்கி வைத்து, "அடியில வெள்ளிதான், கல்லுக்கு விலை கிடையாது, உருக்கிடுங்க" என்றார்கள். அம்மா ஒன்றும் பேசவில்லை. நான் தலையாட்டத் தயாராகத்தான் இருந்தேன். "எடுத்துட்டு வாட்டீ, வீட்டுல பேசிக்கலாம்" என்று கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்த பெரியத்தைக்கு முதல் நன்றி.

அடுத்த கூத்து என்னுடையது. அழுக்குப் போகட்டும் என்று நெற்றிச்சுட்டியைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறப் போட்டேன். மறுநாள் காலையில் நான்கு சிவப்புக் கற்கள் கறுத்துக் கிடந்தன. வடசேரி ஆசாரியிடம் கொண்டுபோனபோது அவர் திட்டவில்லை. கண்ணாடியை மூக்குக்கு இறக்கி என்னை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். கல்லுக்கு அடியில் இருக்கும் ரேக்கு என்ற மெல்லிய தகடுதான் அதற்கு ஒளி கொடுக்கிறதாம். பின்னால் தண்ணீர் இறங்கினால் ரேக்கு கறுத்து, கல் செத்துவிடும். உலர்ந்த பஞ்சுத் துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். உங்கள் வீட்டுப் பெட்டியிலும் கெம்பு இருந்தால் இதை மனதில் வையுங்கள். நான்கு கல்லையும் எடுத்து, புது ரேக்கு வைத்துப் பதித்துக் கொடுத்தார். கூலிக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கவில்லை.

சடைநாகத்தை வெட்டலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் அதைக் கவிழ்த்துப் போட்டார். ஒவ்வொரு பூத்தகட்டின் முதுகிலும் சின்னச் சின்ன வளையங்கள், அதற்குள் நூல். "இது கோத்த சாமான்தானம்மா. எதுக்கு வெட்டணும்?" நூலை உருவினால் தகடுகள் தனித்தனியாக வந்துவிட்டன. வரிசை மாறிவிடுமோ என்று நான் போனில் படம் எடுக்கப் போனேன். அவர் ஒரு தகட்டைத் திருப்பிக் காட்டினார். ஓரத்தில் மூன்று கீறல். அடுத்ததில் நான்கு. செய்தவர் அன்றைக்கே எண் போட்டு வைத்திருக்கிறார்! அந்த முகம் தெரியாத ஆசாரிக்கும் ஒரு நன்றி சொல்லிவிடுகிறேன்.

நாகத்தின் தலையும் முதல் ஏழு தகடுகளும் சிவப்புப் பட்டு நாடாவில் ஏறின. காதுக்குக் காது பின்னந்தலையில் பிறை போல வளைத்து, நடுவில் ராக்கொடி. தைத்துக் கொடுத்தது எதிர்வீட்டு டெய்லர் அக்கா, இரண்டு ராத்திரி உட்கார்ந்து. அக்கா, அந்த நாடாவின் உள்பக்கம் வெல்வெட் வைத்ததால்தான் சாயங்காலம் வரை தலை வலிக்கவில்லை.

அலங்காரம் செய்ய வந்த பெண் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே குத்தியதில் சூரியனும் சந்திரனும் இடம் மாறிவிட்டன. தாலி கட்ட அரைமணி நேரம் இருக்கையில் அதைக் கண்டுபிடித்து, சூரியன் வலப்பக்கம் என்று மாற்றிக் குத்திய என் பழைய பரதநாட்டிய டீச்சருக்கு நன்றி. அப்புறம், தலையில் பூவை அள்ளி வைத்தால் கல் தெரியாது என்று மல்லிகையைக் குறைக்கச் சொன்ன தோவாளைப் பூக்காரருக்கும். கழுத்துக்கு அவர் கொண்டுவந்த மாணிக்கமாலை, அரளியை மடித்து மடித்துக் கட்டியது, கெம்புக்கு அண்ணன் தம்பி மாதிரி இருந்தது.

தகடுகளை மறுபடி பழைய நூல் வரிசைக்கே கோத்தாயிற்று. அடுத்து சித்தி மகளுக்கு. அவளுக்கு நல்ல நீள முடி.

ஒன்று மட்டும். நெற்றிச்சுட்டியின் ஓரத்தில் ஒரு முத்து குறைகிறது. பந்தியிலோ காரிலோ யாருக்காவது அகப்பட்டிருந்தால் அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள்.