சால்டன் ஏரிக்கரையில் கேரவன்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கலிபோர்னியாவில் பிள்ளைகள் வீட்டுக்குப் போகிறவர்களில் பலர், கேரவன் வண்டி எடுத்துச் சால்டன் ஏரிக்கரையில் இரண்டு நாள் தங்க ஆசைப்படுகிறீர்கள். எங்கள் கும்பகோணம் அலுவலகத்தில் ஐப்பசி முதல் மாசி வரைதான் அதற்குப் பதிவு. பங்குனி, சித்திரையில் ஏன் இல்லை என்று கோபித்துக்கொண்டவர்களும் உண்டு. வைகாசிக்குப் பிறகு அங்கே அடிக்கும் பாலைவன வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பங்குனி, சித்திரைக்குக் காரணம் காற்று.

காற்றைச் சொல்வதற்கு முன் ஏரியைச் சொல்ல வேண்டும். 1905-இல் கொலராடோ ஆற்று வெள்ளம் பாசன வாய்க்காலின் தலைப்பை உடைத்துக்கொண்டு, கடல்மட்டத்துக்கும் கீழே கிடந்த பள்ளத்தில் இறங்கியது. உடைப்பை அடைக்க 1907 ஆகிவிட்டது. அதன்பின் ஏரியை வற்றாமல் காத்தது இம்பீரியல் பள்ளத்தாக்கு வயல்களின் வடிகால் நீர். பாசன வாய்க்கால் எது, வடிகால் எது என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நம் வடிகால் கடலில் போய்ச் சேரும். அங்கே ஏரியோடு சரி. தண்ணீர் ஆவியாக ஆக உப்பு தங்கி, இன்று பசிபிக் பெருங்கடலைவிட அது கரிக்கிறது. 2003-இல் பாசன நீரில் ஒரு பங்கைச் சான் டியேகோ பக்கத்து நகரங்களுக்குக் கொடுக்க ஒப்பந்தமாயிற்று. வயலில் சிக்கனம் பிடித்தால் வடிகாலில் என்ன வரும்? ஈடாக ஏரிக்கு விட்டுவந்த தண்ணீரும் 2017-ஓடு நின்றது. கடைமடைக்காரர்களுக்கு மீதியை விளக்க வேண்டாம்.

தண்ணீர் பின்வாங்கிய தரையில் உப்பும் நுண்ணிய வண்டலும்தான் மிச்சம். வடமேற்கில் சான் கோர்கோனியோ கணவாய். ஆரல்வாய்மொழியில் காற்றாலைகள் எதற்காக நிற்கின்றனவோ அதற்காகவே அங்கும் வரிசையாக நிற்கின்றன. அந்தப் பக்கத்திலிருந்து பலத்த காற்று கிளம்பினால் புழுதி எழும்பி, சாத்திய ஜன்னலின் இடுக்கிலும் புகும். ஆஸ்துமா உள்ளவர்களும் கைக்குழந்தைகளும் எந்த மாதமானாலும் இந்த இடத்தைத் தவிர்ப்பது நல்லது.

குளிர்காலத்திலும் சில நாள் காற்று உண்டு. வண்டியின் மூக்கைக் காற்றுக்கு எதிராக வைத்து நிறுத்துங்கள். விலாவில் வாங்கினால் இரவெல்லாம் ஆடும். பக்கவாட்டில் விரியும் துணிப்பந்தலைத் தூங்கும் முன்பும் வெளியே கிளம்பும் முன்பும் சுருட்டிவிடுங்கள். நம் ஊர்ப் பந்தற்காரர் கட்டியது போலக் கால் ஊன்றி நிற்கும் சாமான் இல்லை அது. ஒரே வீச்சில் கம்பி வளைந்து கூரைமேல் மடங்கிவிடும். அந்தச் செலவைப் பெரும்பாலான வாடகை நிறுவனங்கள் உங்கள் தலையில்தான் கட்டும். கையெழுத்துப் போடும் முன் படித்துப் பாருங்கள்.

இன்னொன்று: காய்ந்த ஏரித்தரையில் வண்டியை இறக்காதீர்கள். மேலே பொருக்கு, கீழே சேறு. நடந்து போகலாம். வெண்மணல் போலத் தெரிவதை ஒரு கை அள்ளிப் பாருங்கள்: படகின் அடியில் ஒட்டுமே, அந்தக் கொட்டலசின் ஓட்டுத் துண்டுகள், நடுவே மீன் முள். செருப்பில்லாமல் நடக்க முடியாது. நாற்றமும் சில நாள் இருக்கும்.

புறப்படுவதற்கு முந்தின நாள் அங்கே காற்று எச்சரிக்கை வந்தால், சான் டியேகோ கடற்கரைப் பக்கம் இடம் மாற்றித் தருவோம். இடம் கிடைக்காவிட்டால் எங்கள் சேவைக் கட்டணம் முழுவதும் திரும்ப வரும். வண்டி வாடகைக்கு அந்த நிறுவனத்தின் விதிதான். தை, மாசியில் போகிறவர்கள் பைனாகுலர் எடுத்துச் செல்லுங்கள். கோடியக்கரையில் பறவை பார்த்துப் பழகியவர்களுக்கு அந்த மாதங்களில் பொழுது போவதே தெரியாது.

இப்படிக்கு,
பயண ஏற்பாட்டுப் பிரிவு, கும்பகோணம்