சனிக்கிழமை டேக்வாண்டோ வகுப்பு: பெற்றோர் கவனத்துக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். காலாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்து, விடைத்தாள்கள் பிள்ளைகள் கைக்கு வந்துவிட்டன. குறுவட்ட விளையாட்டுப் போட்டிகளில் நம் மாணவர்கள் பரிசு வாங்கி வந்தார்கள். அறிவியல் கண்காட்சியும் சிறப்பாக நடந்தது. உழைத்த ஆசிரியர்களுக்கும் ஒத்துழைத்த உங்களுக்கும் நன்றி. பள்ளி திறக்கும் நாள் டைரியில் எழுதி அனுப்பப்பட்டிருக்கிறது.

சரி, இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன்.

விடுமுறைக்கு முந்தைய சனிக்கிழமை நம் பள்ளியில், கொரியத் தற்காப்புக் கலையான டேக்வாண்டோவின் முதல் வகுப்பு நடந்தது. 42 பிள்ளைகள் வந்தார்கள். பாதி நேரம் தோடு கழற்றுவதிலும் கொலுசு கழற்றுவதிலும் நகம் வெட்டுவதிலுமே போய்விட்டது. ஒருவழியாகப் பயிற்சி தொடங்கிய கொஞ்ச நேரத்தில், நான்காம் வகுப்புக் குழந்தை ஒருத்தியின் தங்கத் தோட்டின் திருகாணி எங்கோ விழுந்துவிட்டது. எல்லாம் நின்றது. மாஸ்டர், உடற்கல்வி ஆசிரியர், ஆயாம்மா, நான் நால்வரும் தரையில் விரித்திருந்த பாய்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தேடினோம். அரிசி அளவுகூட இல்லாத அந்தத் திருகாணி இரண்டு பாய்கள் கோத்துக்கொள்ளும் இடுக்கில் கிடைத்தது. அது கிடைக்கும்வரை அந்தக் குழந்தை ஒரு காதைப் பொத்திக்கொண்டு சுவரோரம் நின்று அழுதுகொண்டிருந்தாள். வாசலில் நின்ற சிலர் அதற்குள் குரலை உயர்த்திப் பேசினார்கள். தங்கம் இன்று விற்கிற விலையில் அந்தப் பதற்றம் எனக்கும் புரிகிறது. ஆனால் அழுத குழந்தையின் முகம்தான் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

'டே' என்றால் கால், 'க்வான்' என்றால் மடக்கிய கை, 'டோ' என்றால் நெறி. பெயரிலேயே கால்தான் முன்னால் நிற்கிறது. இருவர் எதிரெதிரே நின்று காலைத் தூக்கும்போது, ஒருவர் கொலுசின் கொக்கியில் மற்றவர் கால்விரல் மாட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அன்று ஒரு பையனின் கால் பெருவிரல் நகம் எதிரே நின்றவன் முழங்காலில் நீளமாகக் கீறிவிட்டது. கைவிரல் நகங்களைப் பார்த்துப் பார்த்து வெட்டியிருந்தார்கள், கால்விரல்களை மறந்துவிட்டார்கள். எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஆகவே வெள்ளிக்கிழமை இரவே கை, கால் இரண்டையும் பார்த்துவிடுங்கள். விளக்கு வைத்த பிறகு நகம் வெட்டக் கூடாது என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னால், மாலையிலேயே வெட்டிவிடலாம்.

தாயத்து, கறுப்புக் கயிறு பற்றிச் சில அம்மாக்கள் கேட்டார்கள். கழற்ற வேண்டாம் என்று நீங்கள் நினைத்தால் அதன் மேல் துணிப்பட்டை சுற்றி அனுப்புங்கள். காது குத்திப் புண் ஆறாத பிள்ளைகள் ஆறிய பிறகு வரட்டும். தலைமுடியை ரப்பர் பேண்டாலோ ரிப்பனாலோ இறுக்கிக் கட்டினால் போதும். ஊசி, கிளிப், பூ எதுவும் வேண்டாம்.

இனி ஒன்றைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். வரும் வகுப்பிலிருந்து தோடு, வளையல், கொலுசு, மோதிரம், சங்கிலி அணிந்தோ, நகம் வெட்டாமலோ வரும் பிள்ளை அன்று ஓரமாக உட்கார்ந்து பார்க்கலாம். பாய் மீது ஏற முடியாது. யார் வீட்டுப் பிள்ளையானாலும் இதுதான். வகுப்பு நேரத்தில் தொலையும் நகைக்குப் பள்ளி பொறுப்பேற்காது. அப்புறம், ஜன்னல் வழியாக "அடிடா, விடாதே" என்று சத்தம் போடுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். மாஸ்டர் நில் என்று சொல்லும் நேரத்தில் அப்பா அடி என்று கத்தினால் ஏழு வயதுப் பிள்ளை யார் பேச்சைக் கேட்கும்?

சாப்பாட்டையும் சொல்லிவிடுகிறேன். அன்று நெய்ப் பொங்கலை வயிறு முட்டச் சாப்பிட்டு ஏழு மணிக்கு வந்த ஒரு பையன், இருபது நிமிடத்தில் வாந்தி எடுத்துவிட்டான். அன்போடு ஊட்டி அனுப்பியிருப்பார்கள், தெரியும். ஆறு மணிக்கு ஒரு வாழைப்பழம், அரை டம்ளர் பால் போதும். இட்லியும் பொங்கலும் வகுப்பு முடிந்து வந்து ஆற அமரச் சாப்பிடட்டும். தண்ணீர் பாட்டில் கட்டாயம். வீசிங் உள்ள பிள்ளைகள் இன்ஹேலரைக் கொண்டுவந்து மாஸ்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

செலவு எதுவும் செய்யாதீர்கள். இதை நான் கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன். பள்ளியின் பி.டி. உடை போதும். பயிற்சி வெறுங்காலில்தான், ஷூ தேவையில்லை. கால் கழுவி வந்தால் சரி. 'தோபோக்' என்ற வெள்ளை உடையைப் பிள்ளைக்குப் பிடித்துப்போய் இரண்டு மாதம் தொடர்ந்து வந்த பிறகு வாங்கலாம். ஒரு பெற்றோர் ஆசையாகக் கறுப்புக் கழுத்துப்பட்டி வைத்த தோபோக்கை வாங்கித் தந்திருந்தார். அது கறுப்பு பெல்ட் எடுத்தவர்கள் அணிவது. மாஸ்டர் அந்தப் பையனைத் தனியாக அழைத்துப்போய், வலிக்காமல் சொல்லி, பி.டி. சட்டையைப் போட்டுவரச் செய்தார். ஹெல்மெட், மார்புக் கவசம் எல்லாம் சண்டைப் பயிற்சிக்கு உரியவை. அதற்கு இன்னும் வெகுநாள் இருக்கிறது. மஞ்சள் பெல்ட் எப்போது என்று முதல் நாளே மூன்று பேர் கேட்டார்கள். வெள்ளை, மஞ்சள், பச்சை, நீலம், சிவப்பு என்று படிப்படியாக ஏறி, பல ஆண்டுகளுக்குப் பிறகுதான் கறுப்பு வரும். அவசரம் வேண்டாம்.

முதல் மாதம் என்ன நடக்கும் என்று தெரிந்தால் உங்களுக்கும் நிம்மதியாக இருக்கும். 'சார்யோட்' என்றால் நேராக நிற்பது. 'கியோங்னே' என்றால் குனிந்து வணங்குவது. ஹானா, துல், செத், நெத் என்று கொரிய மொழியில் எண்ணியபடி உடலைத் தளர்த்தும் பயிற்சி, பிறகு முழங்காலை உயர்த்தி முன்னால் உதைக்கும் 'அப் சாகி'. கொரியப் பிள்ளைகளும் அப்பாவை 'அப்பா' என்றுதான் கூப்பிடுகிறார்கள் என்று மாஸ்டர் சொன்னதும் நம் பிள்ளைகளுக்கு ஒரே குஷி! கூச்சத்தில் குரலே வராமல் நின்ற பிள்ளைகள்கூட அதற்குப் பிறகு சத்தமாக எண்ணினார்கள். அவர்கள் வீட்டுக்கு வந்ததும் "யாரை ஜெயிச்சே?" என்று கேட்காமல், இன்று என்ன கற்றாய் என்று கேளுங்கள். தம்பி மேல் உதைத்துக் காட்டச் சொல்ல வேண்டாம்.

அன்றைய களேபரத்துக்கு நடுவே, மூன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாத்தா யாரும் கேட்காமலே வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். பையிலிருந்த பழைய காலண்டர் தாள்களைக் கிழித்து, ஒவ்வொரு பிள்ளையின் தோட்டையும் கொலுசையும் பொட்டலமாக மடித்து, மேலே பெயர் எழுதி மடியில் வைத்துக்கொண்டார். மளிகைக் கடை வைத்திருந்தவராம். எட்டேகாலுக்கு ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு அத்தனையையும் திருப்பிக் கொடுத்தார், ஒன்றுகூட மாறவில்லை. ஐயாவுக்குப் பள்ளியின் சார்பில் என் நன்றி. நகவெட்டியைத் தேடி ஓடிய அம்மாக்களுக்கும், வாந்தி எடுத்த பையனுக்கு முகம் கழுவிவிட்ட பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கும், முதல் நாளே நம்பி அனுப்பிய உங்கள் எல்லோருக்கும் நன்றி.

பள்ளி திறந்து வரும் முதல் சனிக்கிழமை காலை 7 மணிக்கு அடுத்த வகுப்பு. 6.50க்குள் வந்துவிடுங்கள். 8.15க்கு அழைத்துப்போகலாம். கலையரங்கத்துக்குள் நடப்பதால் மழை பெய்தாலும் வகுப்பு உண்டு.

அன்புடன்,
தலைமையாசிரியர்