இதர செலவுகள்

அன்பு மகளுக்கு,

பிள்ளைகளோடு வெளிநாட்டு ரிசார்ட்டுக்குப் போய்வர நீ போட்டு, போனில் அனுப்பிய செலவுக் கணக்கைப் பார்த்தேன். இரண்டு நாளாக அதையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். "நல்லாத்தானே போட்டிருக்கா, எதுக்கு அதை முறைச்சுக்கிட்டே இருக்கீங்க" என்று உங்கம்மா கேட்டுவிட்டாள். நல்லாத்தான் போட்டிருக்கிறாய். விமான டிக்கெட்டுக்கு நாலு வரி, ரிசார்ட் அறைக்கு மூன்று வரி, எது மலிவு எது அதிகம் என்று நீயும் மாப்பிள்ளையும் பச்சையும் மஞ்சளும் அடித்து வைத்திருக்கிறீர்கள். கடைசியில் 'இதர செலவுகள்' என்று ஒரே ஒரு வரி, அதில் வழவழவென்று ஒரு முழு எண். மனசுக்குத் தோன்றியதை எழுதியிருக்கிறாய் என்று பார்த்தாலே தெரிகிறது. 34 வருஷம் கணக்குப் பிரிவில் உட்கார்ந்தவன் நான். எந்தத் தாளைக் கொடுத்தாலும் கண் முதலில் அந்த 'இதர'வுக்குத்தான் போகும். ஓட்டை இருந்தால் அங்கேதான் இருக்கும்.

போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் சின்னவள் அழுவாள், நீ "அப்புறம் பேசறேன்ப்பா" என்பாய். அதனால் எழுதுகிறேன்.

முதலில் சின்னவளின் வயது. டிக்கெட்டில் அவளைக் கைக்குழந்தையாகப் போட்டிருக்கிறாய். இரண்டு வயது முடியாத பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு போகலாம், வெளிநாட்டு விமானங்களில் பெரும்பாலும் பெரியவர் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கும் வரியும்தான் வாங்குவார்கள். அதுவரை சரி. நீ குறித்திருக்கும் தேதியைப் பார்த்தாயா? அங்கே போய் இறங்கிய மூன்றாம் நாள் அவளுக்குப் பிறந்தநாள். போகும்போது கைக்குழந்தை, வரும்போது இரண்டு வயதுப் பிள்ளை. பயணம் செய்கிற நாளில் என்ன வயது என்றுதான் விமானக் கம்பெனி பார்க்கும். திரும்பி வர அவளுக்குத் தனி இருக்கை வாங்கியாக வேண்டும். சில கம்பெனிகள் போகவர இரண்டுக்குமே குழந்தைக் கட்டணம் கேட்கும். ஒரு வாரம் முன்னால் கிளம்ப லீவு கிடைத்தால் இந்தச் செலவே கிடையாது. கிடைக்காவிட்டாலும் வருத்தப்படாதே. அந்த வயதுப் பிள்ளையை மணிக்கணக்கில் மடியில் வைத்திருந்தவளுக்குத்தான் தனி இருக்கையின் அருமை தெரியும், உங்கம்மாவைக் கேள்.

ரிசார்ட்காரர்களின் வயதுக் கணக்கு இதோடு ஒத்துப்போகாது. ஓர் இடத்தில் ஆறு வயது வரை இலவசம், இன்னோர் இடத்தில் பன்னிரண்டு வரை. 'இலவசம்' என்றால், இருக்கிற கட்டிலில் உங்களோடு படுத்துக்கொண்டால் இலவசம் என்று அர்த்தம். கூடுதல் கட்டில் கேட்டால் இரவுக்கு இவ்வளவு என்று வந்துவிடும். பெரியவன் தூக்கத்தில் எப்படி உதைப்பான் என்பது உனக்குத் தெரியும். நீ எடுத்திருக்கும் அறையில் இரண்டு பெரியவர், ஒரு பிள்ளைதான் தங்கலாமா, இரண்டு பிள்ளைகளும் தங்கலாமா என்று எழுத்தில் கேட்டு வாங்கு. பிள்ளைகளின் வயதை மறைக்காமல் போட்டுத் தேடினால்தான் உண்மையான விலை வரும். இரண்டு அறை எடுப்பதாக இருந்தால், நடுவில் கதவு இருக்கிற அறைகள் வேண்டும் என்று தெளிவாகக் கேள். 'பக்கத்துப் பக்கத்து அறை' என்று எழுதிக் கொடுப்பார்கள். இரவில் பிள்ளை அழுதால் நீ வராந்தாவில் ஓட வேண்டியதுதான்.

இப்போது சாப்பாடு. இதில்தான் நான் சூடு பட்டவன்.

நம் முதல் வெளிநாட்டுப் பயணம் உனக்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ. உனக்கு ஆறு வயது, தம்பிக்கு மூன்று. காலை உணவும் இரவு உணவும் சேர்ந்த பேக்கேஜ் எடுத்திருந்தேன். மதியத்துக்கு ஏதாவது பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பு. அந்த ரிசார்ட்டில் வெளியே போய்ச் சாப்பிட நடக்கிற தூரத்தில் ஒன்றுமே இல்லை என்பது போய் இறங்கிய பிறகுதான் தெரிந்தது. அதைவிடப் பெரிய கூத்து ஒன்று. முதல் நாளே உன்னை நிற்கவைத்து அறை எண்ணை மனப்பாடம் செய்ய வைத்தேன், எங்காவது தொலைந்துபோனால் சொல்லுவாயே என்று. நீயும் 'இருநூற்றுப் பதினாலு, இருநூற்றுப் பதினாலு' என்று பாடிக்கொண்டே திரிந்தாய்.

கடைசி நாள் காலையில் வரவேற்பு மேஜையில் பில்லைக் கொடுத்தார்கள். மூன்று தாள். இரண்டாம் தாள் முழுக்க ஆரஞ்சு ஜூஸ். மதியம் 3.10க்கு நாலு, 3.40க்கு ஐந்து, மறுநாள் 11.05க்கு ஆறு. நீச்சல் குளத்துப் பக்கம் இருந்த கவுண்டரில் அறை எண்ணைச் சொன்னால் போதும், கையெழுத்துக்கூட வேண்டாம் என்பதை நீ கண்டுபிடித்திருந்தாய். குளத்தில் விளையாடிய அத்தனை பிள்ளைகளுக்கும் விருந்து வைத்திருக்கிறாய். மொத்தம் 27. அந்த மேஜைக்காரர் ஒவ்வொரு வரியிலும் பென்சிலால் டிக் அடித்துக்கொண்டே வந்தார், நான் சிரிக்கவும் முடியாமல் கோபப்படவும் முடியாமல் நின்றேன். பணத்தைக் கட்டிவிட்டுப் பார்த்தால் டாக்ஸிக்குப் போக மிச்சம் கொஞ்சம்தான். விமான நிலையத்தில் வாங்கித் தருகிறேன் என்று சொல்லியிருந்த பொம்மையை வாங்கவில்லை. நீ ஏன் என்று கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் தேவலை.

அதனால் சொல்கிறேன். காலை உணவு மட்டும், இரண்டு வேளை, மூன்று வேளை, எல்லாம் அடக்கம் என்று நாலு விதமாகப் போட்டிருப்பார்கள். இரண்டு வேளை, மூன்று வேளைத் திட்டத்தில் குடிக்கிறதெல்லாம் பெரும்பாலும் தனிக் காசு, பல இடங்களில் தண்ணீர் பாட்டிலும்கூட. 'எல்லாம் அடக்கம்' என்பதில் மதுவின் விலையும் சேர்ந்திருக்கும். நீங்கள் இருவரும் குடிக்கிறவர்கள் இல்லை, அடுத்த மேஜைக்காரருக்கும் சேர்த்து நீங்கள் கட்டுகிறீர்கள். தீவு மாதிரி வெளியே போக முடியாத இடம் என்றால் மூன்று வேளைத் திட்டத்தை எடு, பிள்ளைகளின் ஜூஸுக்கும் ஐஸ்கிரீமுக்கும் நாளுக்கு இவ்வளவு என்று தனியாக ஒரு வரி போடு. ஊருக்குள் இருக்கிற ரிசார்ட் என்றால் காலை உணவு மட்டும் போதும். 'பிள்ளைகளுக்கு உணவு இலவசம்' என்றால் எந்தச் சாப்பாட்டுக் கூடத்தில், எந்த மெனுவில் என்று கேட்டுக்கொள்.

நீ எழுதி வைத்திருக்கும் அறை வாடகைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்ததே, அதைக் கவனித்தாயா? சேவைக் கட்டணமும் வரியும் இனிமேல்தான் சேரும் என்று அர்த்தம். நீங்கள் யோசிக்கிற இடங்களில் மாலத்தீவும் இருப்பதால் அதையே கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 100 என்று விலை போட்டிருந்தால், வழக்கமான 10 சதவீதச் சேவைக் கட்டணம் சேர்ந்து 110. அதன்மேல் 17 சதவீத ஜிஎஸ்டி, 2025 ஜூலையிலிருந்து அவ்வளவு. கையை விட்டுப் போவது 128.70. இது போக, ரிசார்ட்டில் தங்குகிற ஒவ்வொரு தலைக்கும் ஓர் இரவுக்கு 12 டாலர் பசுமை வரி, இரண்டு வயதுக்குக் கீழ் என்றால் கிடையாது. சின்னவளைச் சேர்க்காமலே, நீங்கள் இருவரும் பெரியவனும் ஐந்து இரவு தங்கினால் அதுவே 180 டாலர். வேறு நாட்டுக்குப் போனால் வரியின் பெயரும் தொகையும் மாறும், கேட்க வேண்டிய கேள்வி மாறாது: "எல்லா வரியும் சேர்த்து, நாலு பேருக்கும், மொத்தம் எவ்வளவு?"

அப்புறம் போக்குவரத்து. விமான நிலையத்திலிருந்து ரிசார்ட்டுக்குப் போவதை உன் தாளில் எங்கேயும் காணோம். சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம் என்பது இந்த விஷயத்துக்கென்றே சொன்ன மாதிரி இருக்கும். தீவு என்றால் ஸ்பீட்போட், இல்லையென்றால் கடல் விமானம், ஆளுக்கு இவ்வளவு என்று போகவரக் கட்ட வேண்டும். மாலத்தீவில் கடல் விமானம் பகல் வெளிச்சத்தில்தான் பறக்கும். மலிவாக இருக்கிறதே என்று மாலையில் போய் இறங்குகிற டிக்கெட்டை எடுத்தால், அன்றிரவு விமான நிலையத்துப் பக்கம் ஓர் அறை எடுத்துத் தங்க வேண்டும், டிக்கெட்டில் மிச்சம் பிடித்தது அங்கே போய்விடும். தரை வழி என்றால் சின்னவளுக்குக் கார் சீட் உண்டா, வாடகை எவ்வளவு என்று முன்னாலேயே கேள். மலிவு விமானங்களில் பெட்டி, சாப்பாடு, பக்கத்துப் பக்கத்து இருக்கை எல்லாமே தனித்தனிக் காசு. நாலு பேருக்கு அதையெல்லாம் கூட்டிவிட்டு அப்புறம் மலிவு என்று சொல்.

எத்தனை இரவு என்பதிலும் எனக்கு ஒரு கருத்து உண்டு. டிக்கெட், விசா, படகு எல்லாம் நாலு நாள் இருந்தாலும் ஏழு நாள் இருந்தாலும் அதேதான். நாள் ஏற ஏறக் கூடுவது அறையும் சாப்பாடும். சின்னப் பிள்ளைகளுக்கு முதல் நாள் பயணக் களைப்பில் போய்விடும், கடைசி நாள் பெட்டி கட்டுவதில். மூன்று இரவு என்றால் இரண்டு நாள்தான் உருப்படியாகக் கிடைக்கும். ஐந்து இரவு வை, அறையின் தரத்தில் ஒரு படி இறங்கு.

இறங்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தண்ணீருக்கு மேல் கட்டிய அந்த வில்லாவுக்கு நீ ஆசைப்படுகிறாய், பச்சை அடித்திருப்பதிலேயே தெரிகிறது. கதவைத் திறந்தால் கடல். நடக்கக் கற்றுக்கொண்டு ஓடித் திரிகிற பிள்ளையை வைத்துக்கொண்டு அங்கே நீ ஒரு நிமிஷம் உட்கார மாட்டாய். பல ரிசார்ட்டுகள் அந்த அறைகளில் சின்னப் பிள்ளைகளை அனுமதிப்பதே இல்லை. தரைத்தளத்தில், சாப்பாட்டுக் கூடத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை எடு. சின்னவள் தூங்கும்போது ஒருவர் வாசலில் உட்காரலாம். நம் பயணத்தில் கடல் பார்த்த அறைக்கு நான் கூடக் கொடுத்தேன். நீயும் தம்பியும் நாலு நாளும் எங்கே விளையாடினீர்கள் தெரியுமா? கடற்கரையிலிருந்து ஏறி வருகிற படிக்கட்டோரம் கால் கழுவ ஒரு குழாய் இருந்தது, முழங்கால் உயரம், அழுத்தினால் தண்ணீர் வரும், கையை எடுத்தால் நின்றுவிடும். தம்பி அழுத்துவான், நீ சிவப்பு வாளியில் பிடிப்பாய், கொண்டுபோய் மணலில் கொட்டுவாய், திரும்ப வருவாய். கால் கழுவ வந்தவர்கள் வரிசையில் நின்றார்கள்.

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள கிட்ஸ் கிளப் இருக்கிறது என்று எழுதியிருந்தாய். பெரும்பாலும் மூன்று, நாலு வயதிலிருந்துதான் சேர்ப்பார்கள். பெரியவன் போவான், சின்னவளுக்கு ஆயா வைத்தால் மணிக்கு இவ்வளவு. டயப்பரும் நீச்சல் டயப்பரும் வீட்டிலிருந்தே போகட்டும், ரிசார்ட் கடையில் விலையைப் பார்த்தால் மயக்கம் வரும்.

காப்பீட்டை டிக்கெட் எடுத்த அன்றே எடு. கிளம்புகிற வாரம் எடுத்தால், அதற்கு முன்னால் பிள்ளைக்கு அம்மையோ காய்ச்சலோ வந்து பயணம் நின்றால் ஒன்றும் கிடைக்காது. இதே காரணத்துக்காக, ரத்து செய்தால் பணம் திரும்பாது என்கிற மலிவு அறையை எடுக்காதே. பாஸ்போர்ட்டுகளை இன்றைக்கே எடுத்துப் பார். திரும்பி வந்த பிறகும் ஆறு மாதம் செல்லுபடியாக இருப்பது நல்லது, பல நாடுகள் கேட்கும், பிள்ளைகளின் பாஸ்போர்ட் நம்முடையதைவிடச் சீக்கிரம் காலாவதியாகும். புதுப்பிக்கும் செலவும் 'இதர'வில் இல்லை.

மாப்பிள்ளைக்கு ஒரே ஒரு விஷயம். கார்டைத் தேய்க்கும்போது அந்த மெஷின் 'உங்கள் நாட்டுப் பணத்தில் கட்டுகிறீர்களா' என்று பவ்யமாகக் கேட்கும். வேண்டாம், அந்த ஊர்ப் பணத்திலேயே போடச் சொல்லு. அவர்கள் போடும் மாற்று விகிதம் பெரும்பாலும் நமக்கு நஷ்டம். ரிசார்ட்டில் போய் இறங்கியதும் முன்பணமாக ஒரு தொகையைக் கார்டில் நிறுத்தி வைப்பார்கள். டெபிட் கார்டைக் கொடுத்தால் சொந்தப் பணம் பல நாள் முடங்கிக் கிடக்கும், கிரெடிட் கார்டைக் கொடுக்கச் சொல்.

இதையெல்லாம் தனித்தனி வரியாகப் போட்டுக் கூட்டு. கூட்டிய பிறகும் பத்தில் ஒரு பங்கை எந்தப் பெயரும் வைக்காமல் ஒதுக்கு. அதற்கு வேண்டுமானால் 'இதர' என்று பெயர் வை, எனக்கு ஆட்சேபணை இல்லை. தொகை கைக்கு மீறினால் இடத்தை மாற்று, கடன் வாங்காதே. கிறிஸ்துமஸ், புத்தாண்டு இரவுகளைத் தவிர்த்தாலே நிறைய குறையும். அந்த இரண்டு இரவும் விருந்துக்குக் கட்டாயக் கட்டணம் வாங்குகிற ரிசார்ட்டுகள் இருக்கின்றன.

பெரியவனுக்கு அறை எண்ணைச் சொல்லிக் கொடுக்காதே என்று எழுத வந்தேன். உங்கம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "தொலைஞ்சு போனா என்ன பண்ணுவான், சொல்லித்தான் கொடுக்கணும்" என்கிறாள். அதுவும் சரிதான். போய் இறங்கியதும் வரவேற்பு மேஜையில், பெரியவர் கையெழுத்து இல்லாமல் எங்கள் அறைக் கணக்கில் எதையும் ஏற்ற வேண்டாம் என்று சொல்லிவிடு.

திருத்திய தாளை அனுப்பு. சின்னவளின் தலைச் சுற்றளவையும் அளந்து அனுப்பு, தொப்பி தைக்க வேண்டுமாம்.

அன்புடன்,
அப்பா