எங்கள் புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கும், மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள எல்லோருக்கும்,

என் கணவர் நேற்று சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்து சேர்ந்துவிட்டார். ஆங்கரேஜுக்கு இனி மாதம் ஒருமுறை போய்க் காட்டினால் போதும் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். வீட்டைச் சூடாக்குகிற பாய்லர் ஓடுகிறது. குழாய் எதுவும் வெடிக்கவில்லை. பிள்ளைகள் மூன்று பேரும் நன்றாக இருக்கிறார்கள். ஜனவரியில் இவரை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போனதும், அந்தக் குளிரில் பாய்லர் நின்றுபோனதும் இதைப் படிக்கிற பெரும்பாலோருக்குத் தெரியும். நடுராத்திரியில் நான் கூப்பிட்டபோது முதல் மணியிலேயே போனை எடுத்தவர்கள் நீங்கள். அதனால் அதையெல்லாம் திரும்ப எழுதப்போவதில்லை. நன்றியை மட்டும் ஆறப்போடக் கூடாது என்று இன்றைக்கே உட்கார்ந்துவிட்டேன். கோர்வையாக இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எதிர்வீட்டு அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்குத் தமிழ் தெரியாது. எழுதி முடித்ததும் பெரியவள் இதை ஆங்கிலத்தில் அவருக்குப் படித்துக் காட்டப்போகிறாள். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பிள்ளைகள் அவரை ஆச்சி என்றுதான் கூப்பிடுகிறார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

ஆச்சிக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆகஸ்டில் ஹூஸ்டனிலிருந்து அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸுக்கு நாங்கள் வந்து இறங்கிய வாரம், சாமான்களைக்கூடப் பிரிக்கவில்லை, ஆச்சி வந்து எங்கள் காரின் முன்பக்கத்தைக் குனிந்து பார்த்தார். "இதுக்கு பிளக் எங்கே?" என்று கேட்டார். இந்த ஊரில் ஓடுகிற கார்களின் முகப்பிலிருந்து ஒரு மின்சார ஒயர் வெளியே தொங்கும். என்ஜினைச் சூடாக்கும் பிளாக் ஹீட்டருக்கான ஒயர் அது. கடுங்குளிரில் என்ஜின் ஆயில் இறுகிவிடும் என்பதால், வண்டியை எடுப்பதற்குச் சில மணி நேரம் முன்பே பிளக்கில் சொருகிவைப்பார்கள். பல்கலைக்கழக கார் நிறுத்தத்திலும் கடைகளின் வாசலிலும் வரிசையாகப் பிளக் பாயிண்டுகள் இருக்கும். "அக்டோபருக்குள் போட்டுவிடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு தெருவில் பார்த்தால் கையசைப்பார், அவ்வளவுதான் பழக்கம்.

பாய்லர் நின்றுபோன அந்த நாட்களில் வீட்டைக் காப்பாற்றியது ஹாலில் இருக்கிற விறகடுப்புதான். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து விறகு வைக்க வேண்டும். பிள்ளைகள் மெத்தைகளை இழுத்துவந்து ஹாலிலேயே படுத்துக்கொண்டார்கள். பாடம், சாப்பாடு, தூக்கம் எல்லாம் அந்த ஓர் அறையில். வெளியே மைனஸ் 40. இந்த ஊர் செனா, டனானா ஆறுகளின் பள்ளத்தாக்கில் இருக்கிறது. குளிர்காலத்தில் கனமான குளிர்காற்று பள்ளத்தில் தேங்கிவிடும், மேலே இருக்கிற காற்று அதைவிடச் சூடாக இருக்கும். அதனால் புகைபோக்கியிலிருந்து கிளம்புகிற புகை நேராக ஏறி, ஓர் உயரத்துக்கு மேல் போக முடியாமல் படுத்துக்கொள்ளும். ஒவ்வொரு வீட்டுக்கு மேலும் அது தெளிவாகத் தெரியும்.

பாய்லர் சரியான அன்று ராத்திரிதான் நான் முதல்முறையாக நிம்மதியாகத் தூங்கினேன். விறகடுப்பு தானாக அணைந்துவிட்டது. பாய்லரின் புகைக்குழாய் வீட்டின் பின்பக்கம் இருக்கிறது, தெருவிலிருந்து தெரியாது.

விடிகாலை ஆறு மணிக்குக் கதவு தட்டும் சத்தம். சூரியன் வர இன்னும் நாலு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. கதவைத் திறந்தால் ஆச்சி. நைட்டிக்கு மேல் பார்க்கா என்கிற பெரிய குளிர்கோட்டு, நெற்றியில் ஹெட்லாம்ப், இமை முடி முழுக்க வெள்ளையாகப் பனி. பின்னால் பிள்ளைகள் சறுக்கி விளையாடுகிற பிளாஸ்டிக் ஸ்லெட் ஒன்று. அதில் பிளந்த பிர்ச் விறகு, ஒரு வாளி நிறையச் சிராய், மேலே இரண்டு கம்பளிகளைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்.

"புகை வரலையே. பிள்ளைங்க நல்லா இருக்காங்களா?" என்று கேட்டார்.

உள்ளே வந்ததும் வேறு எதுவும் பேசவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டுச் சுவரோரம் ஓடுகிற வெந்நீர்க் குழாயின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சூடு இருந்தது. தூங்கிக்கொண்டிருந்த மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். அப்புறம்தான் நாற்காலியில் உட்கார்ந்தார். இஞ்சி தட்டிப் போட்டு டீ கொடுத்தேன். குடித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்: இவரை ஆம்புலன்ஸ் ஏற்றிக்கொண்டு போன நாளிலிருந்து தினமும் விடிகாலையில் எழுந்ததும் சமையலறை ஜன்னலில் நின்று எங்கள் புகைபோக்கியைப் பார்த்துவிட்டுத்தான் காபி போடுவாராம். ராத்திரி படுக்கும் முன்னால் இன்னொரு முறை.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த நாட்களில் ஒவ்வொரு ராத்திரியும், இந்தத் தெருவில் நானும் பிள்ளைகளும் செத்துக் கிடந்தால்கூட யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டுதான் விறகு வைத்தேன். அந்த விறகின் புகையை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

நான் பிறந்தது தென்காசிப் பக்கம். விடிந்து வெகுநேரமாகியும் ஒரு வீட்டு வாசலில் தண்ணீர் தெளிக்காமல், கோலம் போடாமல் கிடந்தால் எதிர்வீட்டிலிருந்து ஆள் வந்துவிடும். "என்னம்மா, உடம்புக்கு முடியலையா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்து, சொல்லாமலே அடுப்பைப் பற்றவைப்பார்கள். அதைவிட்டு எத்தனையோ ஆயிரம் மைல் வந்துவிட்டோம், இனி வாசலைப் பார்க்க ஆள் கிடையாது என்று நான் எண்ணியிருந்தேன். இங்கே வாசல் பனியில் மூடிக் கிடக்கிறது, அதனால் கூரையைப் பார்க்கிறார்கள்.

ஆச்சி கிளம்பும்போது நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவர் கையசைத்துவிட்டார். "என் வீட்டுப் புகையை மூலை வீட்டுக்காரர் பார்ப்பார். போன மாதம் அவர் பிள்ளையோடு இருக்கத் தெற்கே போய்விட்டார். இப்போது என் வீட்டைப் பார்க்க ஆள் இல்லை" என்றார். பெரியவள் அதற்குள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்து, "நீ பார்ப்பாயா?" என்று கேட்டார்.

பதினொரு வயதுப் பிள்ளையிடம் ஒரு பெரிய மனுஷி தன் உயிரை ஒப்படைத்த மாதிரி அவள் எடுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து ஒரு நோட்டு வைத்திருக்கிறாள். தேதி, மணி, வெளியே எத்தனை டிகிரி, ஆச்சி வீட்டில் புகை இருக்கிறதா, இல்லையா. ஒருநாள் ஃபாரன்ஹீட்டில் ஒரு கட்டம், செல்சியஸில் ஒரு கட்டம் என்று எழுதிக்கொண்டு வந்தவள், இரண்டிலும் மைனஸ் 40 வந்ததும் தெர்மாமீட்டர் கெட்டுவிட்டது என்று ஓடிவந்தாள். உட்கார்ந்து கணக்குப் போட்டோம். செல்சியஸை ஒன்பதால் பெருக்கி ஐந்தால் வகுத்து 32 கூட்ட வேண்டும். இரண்டு எண்ணும் ஒன்றாக இருக்கிற இடம் எது? மைனஸ் 40 மட்டும்தான். அல்ஜீப்ராவில் எக்ஸ் என்றால் என்ன என்று நான் ஒரு வருடமாகச் சொல்லிக்கொடுக்க முயன்றது அன்று அரைமணி நேரத்தில் அவளுக்குப் பிடிபட்டது.

ஹோம்ஸ்கூலிங் பற்றியும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பாமல், அந்தக் குளிரில் வீட்டுக்குள்ளே பூட்டிவைத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று கிளம்பும் முன்னால் பலர் அக்கறையோடு கேட்டீர்கள். அலாஸ்காவில் பெற்றோர் வீட்டிலேயே பாடம் சொல்லித்தருவதற்கு யாரிடமும் பதிவு செய்ய வேண்டியதில்லை, சட்டமே அப்படி. விரும்பினால் பள்ளி மாவட்டங்கள் நடத்துகிற கரஸ்பாண்டன்ஸ் திட்டம் ஒன்றில் சேர்ந்துகொள்ளலாம். புத்தகத்துக்கும் வகுப்புகளுக்கும் ஒரு தொகை ஒதுக்குவார்கள், பொறுப்பாக ஓர் ஆசிரியரும் இருப்பார். சாலையே போகாத கிராமங்கள் நிறைந்த மாநிலம். தூரத்திலிருந்து பாடம் நடத்துவது இங்கே வெகுநாள் பழக்கம். எங்கள் பொறுப்பாசிரியர் ஜனவரியில் போன் செய்து, "பாடத்தைப் பற்றி இப்போது ஒரு வார்த்தை பேசாதீர்கள், என்ன வேண்டும் சொல்லுங்கள்" என்றார். போன வாரம் இந்தப் புகை நோட்டைப் பார்த்துவிட்டு, காலாண்டுக்குக் காட்ட வேண்டிய பாடங்களில் இதையும் வையுங்கள் என்றார். அவருக்கும் என் நன்றி.

மற்றவர்கள் எல்லோரையும் இப்படி மொத்தமாகச் சொல்வது எனக்கே சங்கடமாக இருக்கிறது. தன் வேலை முடிந்து வீட்டுக்குப் போகாமல் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வந்து பாய்லரைப் பிரித்து மாட்டிய தம்பி. பிக்கப்பில் அரை கார்டு விறகு கொண்டுவந்து, அடுக்கியும் வைத்துவிட்டுப் போன ஹோம்ஸ்கூலிங் குடும்பங்கள். ஒரு கார்டு என்பது 128 கன அடி. அதில் பாதியை அந்தக் குளிரில் கையால் இறக்குவது என்றால் என்ன என்று இப்போது எனக்குத் தெரியும். பழுப்புத் தாளில் சுற்றி மூஸ் என்கிற பெரிய மானின் கறியைக் கொடுத்தனுப்பியவர்கள். மிளகு தூக்கலாகப் போட்டுக் குழம்பு வைத்தேன், சின்னவன் சட்டியை வழித்துவிட்டான். என் சின்னவள் கேட்ட புத்தகங்களையெல்லாம் எடுத்துவைத்து, நான் வரமுடியாதபோது இன்னொரு அம்மா மூலமாக அனுப்பிவைத்த நூலகத்துப் பெண்மணி. 360 மைல் தள்ளி ஆங்கரேஜில், முன்பின் பார்த்திராத எங்கள் வீட்டு மனிதருக்கு ஆஸ்பத்திரிக்கு ரசம் சாதம் கொண்டுபோன தமிழ்க் குடும்பம். அந்த அக்கா தினமும் போட்டோ எடுத்து அனுப்புவார், முகத்தில் களை வந்திருக்கிறது பாருங்கள் என்று. பருப்பும் புளியும் பார்சல் போட்ட ஹூஸ்டன் தோழிகள். பருத்தி உடுப்பு வேர்வையில் நனைந்தால் காயாது, உடம்போடு ஒட்டுவது கம்பளியாக இருக்கட்டும் என்று போனிலேயே சொல்லிக்கொடுத்த எட்மன்டன் அண்ணன். உங்களில் யாரையாவது விட்டிருந்தால், மனதில் விடவில்லை.

ஹோம்ஸ்கூலிங் வீடுகளில் எதையும் நாமே பார்த்துக்கொள்வோம் என்கிற பிடிவாதம் கொஞ்சம் அதிகம். நல்ல பிடிவாதம்தான், அது இல்லாமல் யாரும் இந்த வழிக்கு வரமாட்டார்கள். ஆனால் உதவி வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுகிற பிடிவாதமும் அதுவேதான். ஆச்சி கேட்கவே இல்லை, பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் எங்களிடமும் ஒன்று கேட்டுப் பெற்றுக்கொண்டார். ஊருக்குப் புதிதாக வந்து வாங்கிக்கொண்டே இருக்கிறவர்களாக எங்களை விட்டுவைக்கவில்லை. இத்தனை உதவிகளில் எனக்கு மிகவும் பெரிதாகத் தெரிவது அதுதான்.

எங்கள் பிள்ளைகளும் மாறித்தான் போயிருக்கிறார்கள். சின்னவள் இப்போது யார் வீட்டுக்குப் போனாலும் வெந்நீர்க் குழாயைத் தொட்டுப் பார்க்கிறாள்.

இந்தக் குளிர்காலம் முடிய இன்னும் நாள் இருக்கிறது. ஆனால் டிசம்பர் 21 அன்று நாலு மணி நேரம்கூட நிற்காத பகல், இப்போது நாளுக்கு ஆறேழு நிமிடம் நீண்டுகொண்டே வருகிறது. இவர் ஜன்னலோரம் உட்கார்ந்து வெயில் காய்கிறார். அவரையும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு நான் முடிவு செய்த ஒன்றை உங்கள் எல்லோர் முன்னாலும் சொல்லிவைக்கிறேன். பிள்ளைகளோடு இந்த வடக்குக்கு யார் குடிவந்தாலும், தமிழராக இருந்தாலும் இல்லாவிட்டாலும், முதல் குளிர்காலம் முழுக்க அவர்கள் வீட்டை நாங்கள் காலையும் ராத்திரியும் பார்ப்போம். தூரமாக இருந்தால் போன் செய்து சூடு இருக்கிறதா என்று கேட்போம். தொந்தரவு என்று நினைத்தாலும் கேட்போம்.

வருகிற கோடையில் ஒரு குடும்பம் இரண்டு பிள்ளைகளோடு, வீட்டிலேயே படிப்பு என்கிற எண்ணத்தோடு, இங்கே வரப்போவதாகத் தகவல் வந்திருக்கிறது. இதைப் படிக்கிறீர்கள் என்றால் உங்களுக்கு: ஆகஸ்டிலேயே வந்துவிடுங்கள், பிளாக் ஹீட்டர் போடுகிற கடையில் செப்டம்பரில் கூட்டம் சேர்ந்துவிடும். விறகடுப்பு இருக்கிற வீடாகப் பாருங்கள், பாய்லர் எவ்வளவு புதிதாக இருந்தாலும். மலைச்சரிவில் கிடைத்தால் இன்னும் நல்லது, பள்ளத்தைவிட அங்கே குளிர் குறைவு. விறகு நாங்கள் ஏற்பாடு செய்கிறோம். பிள்ளைகளின் கால் அளவை மட்டும் இப்போதே எழுதி அனுப்புங்கள். எங்களுக்கு இரவலாக வந்த பனி பூட்ஸ்கள் இருக்கின்றன, சேராவிட்டால் வேறு வீடுகளில் கேட்டுவைக்க நேரம் வேண்டும்.

அன்புடனும் நன்றியுடனும்,
ஃபேர்பேங்க்ஸிலிருந்து மூன்று பிள்ளைகளின் அம்மா