கூரை ஒழுகவில்லை, வண்டி வேர்க்கிறது

ஆசிரியருக்கு வணக்கம்.

டிசம்பர், ஜனவரியில் ஊட்டி, கொடைக்கானல், மூணாறு பக்கம் கேரவனிலோ கேம்பர் வேனிலோ (படுக்கை, அடுப்பு வைத்த வண்டி) தங்குகிறவர்கள் காலையில் எழுந்ததும் சொல்வது, “கூரை ஒழுகுது.” மழையே பெய்யாத இரவில் எங்கிருந்து ஒழுகும்? கண்ணாடியிலும் கூரைத் தகரத்திலும் முத்து முத்தாக நிற்பது உள்ளே படுத்திருந்தவர்களின் மூச்சு.

ஒருவர் ஓர் இரவில் மூச்சிலும் வேர்வையிலும் ஏறக்குறைய கால் லிட்டர் நீரை வெளிவிடுகிறார். நாலு பேர் படுத்தால் ஒரு லிட்டர். உள்ளேயே சமைத்தால் அதுவும் சேரும். ஒரு கிலோ காஸ் எரிந்தால் ஒன்றரை கிலோ நீராவி வரும். 20 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று 17 கிராம் நீராவியைத் தாங்கும், 5 டிகிரியில் 7 கிராம்கூடத் தாங்காது. மிச்சமெல்லாம் சில்லிட்ட கண்ணாடியில் இறங்கிவிடும்.

குளிருக்குப் பயந்து எல்லாவற்றையும் இறுக மூடுவதுதான் தப்பு. கூரை வென்ட்டையும் (காற்றுப் போக்கும் திறப்பு), எதிர்முனையில் ஒரு ஜன்னலையும் இரண்டு விரற்கடை திறந்து வையுங்கள். இன்னொரு கம்பளி போர்த்திக்கொள்ளலாம். பாத்திரத்தை மூடிச் சமையுங்கள். அடுப்பை அணைத்த பிறகும் எக்ஸாஸ்ட் ஃபேன் 10 நிமிடம் ஓடட்டும். குளிர்காய அடுப்பையோ கரியையோ உள்ளே மூட்டவே கூடாது. கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே உயிரைக் குடித்துவிடும்.

பலர் பார்க்காமல் விடும் இடம் மெத்தையின் அடிப்பக்கம். பிளைவுட்மேல் நேராகப் போட்ட ஃபோம் மெத்தையைத் தூக்கிப் பாருங்கள். உடம்பு கிடந்த அளவுக்கு ஈரம், ஓரத்தில் மிளகு தூவினாற்போல் கரும்பூசணம். சட்டங்களை இடைவெளி விட்டு அடித்து அதன்மேல் மெத்தையைப் போட்டால் அடியில் காற்று ஓடும். பலகையில் நாலு ஓட்டை போடுவது போதாது, ஓட்டையைச் சுற்றி மட்டுமே காயும்.

வேன் கட்டுகிறவர்களுக்கும் ஒன்று. குளிர் தடுக்கத் தகரத்தில் ஃபோம் ஷீட் ஒட்டிவிட்டு, தகரத்தைத் தாங்கும் இரும்பு ரிப்பை (விலா எலும்புபோன்ற சட்டத்தை) அப்படியே விடாதீர்கள். குளிர்ந்த ரிப்பில் நீர் கூடி, உள்சுவர்ப் பேனலுக்குப் பின்னால் வழிந்து துருவேற்றும். வெளியில் தெரியும்போது காலம் கடந்திருக்கும். ரிப்பையும் ஷீட்டால் மூடி, விளிம்பில் இடைவெளி இல்லாமல் ஒட்டுங்கள்.

ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள் துணி அலமாரிக்குச் சரி. ஒரு லிட்டருக்கு அவை எம்மாத்திரம்? ஈரப்பதமானி ஒன்றை மாட்டி, 60 சதவீதத்தைத் தாண்டினால் வென்ட்டை இன்னும் திறப்பது நல்லது. காலையில் துடைத்த துணியை வண்டிக்கு வெளியே உலர்த்துங்கள். உள்ளே காயப்போட்டால் அதே நீர் இரவில் மறுபடி கண்ணாடியில் நிற்கும்.

இப்படிக்கு,
கேம்பர் வேன் கட்டுநர்கள்,
கோயம்புத்தூர்